பத்துப் பொத்தான் சிப்பாய்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்குப் பிசிறு வெட்டும் வேலை இல்லை. காலையில் வந்ததும் முதலாளி நாச்சிமுத்து அண்ணன் என் கத்தரியை வாங்கி ருக்குமணி அக்காவிடம் கொடுத்தார். ஜன்னலோர மேசையைக் காட்டி, "அம்மிணி, இனி நீ அங்க. பன்னண்டு பொம்மை. முழுக்க உன்ற கை" என்றார்.

இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது. ஒரு பம்பு கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறை ஒண்டிப்புதூரில் இருக்கிறது. பெருவிரலின் மேல்கணு உயரத்துக்கு வெள்ளீயத்தில் போர்வீரர்களை வார்க்கிறோம். குழந்தைகளுக்கு இல்லை. பெரிய ஆட்கள் மேசைமேல் மலையும் ஆறும் செய்து, இரண்டு படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்திச் சண்டை விளையாடுகிறார்கள். அச்சுக்கான மூலப் பொம்மைகள் இதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. நாங்கள் வார்ப்போம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பிசிறை வெட்டுவோம், டப்பாவில் போடுவோம். இரண்டு வருஷத்தில் பல ஆயிரம் பேருக்குப் பிசிறு வெட்டிவிட்டேன்.

போன மாதம், களிமண் போல் பிசைந்து வைத்தால் இறுகிவிடும் புட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் ருக்குமணி அக்கா உட்கார்ந்து வெட்டுவதைச் சும்மா செய்து வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அதனால்தான் இது. பிடித்தால் இனி எப்போதும் ஜன்னலோரம். பிடிக்காவிட்டால் திரும்பக் கத்தரி.

ஜூன் 4, செவ்வாய்

படம் வந்தது. கொண்டுவந்தவர் டாக்டர் எபநேசர், சிங்காநல்லூரில் பல் மருத்துவர், ஊர் நாசரேத் பக்கம். இந்தப் பன்னிரண்டு பேரும் அவருக்காகத்தான். ஜூலை ஏழாம் தேதி பெங்களூரில் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களை அங்கே இறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இதுவரை யாரும் அவர்களைச் சரியாகச் செய்யவில்லை என்றார். ஒரு கம்பெனி பூட்ஸ் மாட்டிவிட்டதாம். இன்னொன்று தலைப்பாகையைக் "கேக்கு மாதிரி அடுக்கி வச்சிருக்கான்."

சென்னையில் ஒரு பழைய பங்களாவில் மாட்டியிருந்த ஓவியத்தை ஃபோனில் எடுத்துப் பெரிதாக அச்சடித்து வந்திருக்கிறார். ஃபோனின் பின்கேமரா உடைந்திருந்ததால், முன்கேமராவை ஓவியத்தின் பக்கம் திருப்பிக் குத்துமதிப்பாக எடுத்தாராம். ஐந்து சிப்பாய்கள். சிவப்புச் சட்டை, அரைக்கால் சல்லடம், செருப்பு. ஒருவன் சுடுகிறான். ஒருவன் துப்பாக்கிக் குழலில் மருந்து இடிக்கிறான். மூன்று பேர் நிற்கிறார்கள். இந்த ஐந்து பேரை வைத்துத்தான் பன்னிரண்டும்.

"படத்துல உள்ளது உள்ளபடி வேணும், பாத்துக்கிடு. நீயா ஒண்ணும் சேக்கப்பிடாது, நீயா ஒண்ணும் விடப்பிடாது. மத்தவன் செஞ்ச பொம்மையப் பாத்துச் செய்யாத. அவனுவ எல்லாம் தப்பு."

தலையை ஆட்டினேன். தேய்ந்துபோன பல் கருவிகள் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். கொக்கி, ஊசி, சின்னக் கரண்டி, வாய்க்குள் பார்க்கும் வட்டக் கண்ணாடி. புட்டி வேலைக்குப் பிரமாதமாக இருக்கும்.

ஒரு விஷயம். படத்தில் துப்பாக்கியின் சுத்தியல், விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் அந்தக் கொக்கி, இடதுபக்கம் இருக்கிறது. நான் பிசிறு வெட்டிய துப்பாக்கிகளில் எல்லாம் வலதுபக்கம்தான். தோட்டாப் பையும் அப்படித்தான், மாறித் தொங்குகிறது. சுடுகிறவன் இடது தோளில் வைத்துச் சுடுகிறான். விளக்குமாற்றை வைத்து நின்று பார்த்தேன், எனக்கு வரவில்லை. கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார்.

ஜூன் 7, வெள்ளி

முதல் ஆள் முடிந்தான். கம்பியில் எலும்பு, மேலே நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்த பச்சைப் புட்டி. ஓவியத்தில் தலை எவ்வளவு, உடல் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்து அப்படியே செய்தேன்.

நாச்சிமுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வார்ப்பு அடுப்புப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு மூன்றடி பின்னால் போனார்.

"இங்கிருந்து பாரு. என்ன தெரியுது?"

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

"ஒண்ணுந் தெரியல. தீக்குச்சி. மேசையில வெளையாடறவன் மூணடி தள்ளித்தான் நிப்பான். தலையப் பெருசாக்கு. கையப் பெருசாக்கு. துப்பாக்கிய ஒலக்கையாட்ட வையி, இல்லீனா ஈயம் ஓடாது. மீச வேணும் கண்ணு, மீச. நெஞ்ச நிமுத்து."

"படத்துல மீச சின்னதுங்."

"படத்த யாரு வாங்கறா."

ஜூன் 8, சனி

தலை பெரிதாக்கினேன். கை பெரிதாக்கினேன். மாலையில் டாக்டர் கிளினிக்கை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். பல் கண்ணாடியைப் பொம்மையின் பின்னால் விட்டு முதுகைப் பார்த்தார். கடைவாய்ப்பல் பார்ப்பது போலவே பார்க்கிறார்.

"என்னம்மா இது, இவனுக்குத் தலைல தண்ணி கோத்திருக்கா? கை என்ன, பஜ்ஜியா?"

ருக்குமணி அக்கா சிரித்துவிட்டாள்.

சட்டைப் பொத்தானையும் எண்ணினார். எட்டு வைத்திருந்தேன். படத்தில் பத்து. "ரெண்டு பொத்தான எங்க விட்ட? பத்துன்னா பத்துல்லா."

திங்கள்கிழமை தலையைச் சின்னதாக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

சின்னதாக்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

பெரிதாக்கினேன்.

ஜூன் 12, புதன்

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவு சொல்வதே இல்லை. அண்ணன் காலையில் சொல்கிறார். டாக்டர் சாயங்காலம் ஃபோனில் குரல் பதிவு அனுப்புகிறார், அதை அண்ணன் எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "அவரு கெடக்கறாரு, நீ நாஞ் சொன்னத செய்யி" என்கிறார். மறுநாள் டாக்டர் நேரில் வந்தால் அவரிடம், "நீங்க சொன்னபடிதானுங், உள்ளது உள்ளபடி" என்கிறார். நான் நடுவில் உட்கார்ந்து ஒரே தலையைச் சீவுகிறேன், அப்புகிறேன், சீவுகிறேன். இந்தச் சிப்பாய்க்கு இது ஆறாவது தலை.

பத்துப் பொத்தான் வைத்து ஒரு சட்டைத் துண்டை மட்டும் செய்து சோதனைக்கு வார்த்துப் பார்த்தோம். பத்தும் ஒட்டிக்கொண்டு சட்டை நடுவில் ஒரு கோடாக வந்திருக்கிறது. டாக்டர் சொன்னதும் உண்மை. அண்ணன் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மையையும் இருபத்தெட்டு மில்லிமீட்டருக்குள் போட முடியவில்லை.

வீட்டில் அம்மா, "என்ன மொகம் சுண்டியிருக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். இவளை ஏன் பத்தாவதுக்கு அனுப்பவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தாள். பஸ் சரியில்லை என்று அம்மா சொன்னாள். பஸ் சரியில்லைதான்.

ஜூன் 15, சனி

நான்கு பேர் ஆயிற்று. டாக்டர் வந்திருந்தார். இன்று சுத்தியல் விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "டாக்டர், எல்லாத் துப்பாக்கிக்கும் வலதுபக்கம் இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இடதுபக்கம்?" இவ்வளவுதான்.

"டாக்டர்," என்றேன்.

"இந்தத் தலைப்பா மடிப்பு, ஏன் மூணு வச்சிருக்க? படத்துல நாலு" என்றார்.

மடிப்பை எண்ணிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது.

அவருக்குத் தெரியாமலா இருக்கும். இருபது வருஷமாக இதையே படிக்கிறவர். மெட்ராஸ் பட்டாளத்தில் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. மற்றவன் செய்ததைப் பார்க்காதே என்று அவரே சொன்னார்.

ஜூன் 18, செவ்வாய்

மழை. மின்சாரம் இல்லை. புட்டி இறுகவில்லை. எரிச்சலாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆறு பேர் முழுதாக முடிந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் உடம்பு ஆகிவிட்டது, முகம்தான் பாக்கி. நாளை முதல் ஆறு பேருக்கு அச்சு.

அச்சு என்றால் இரண்டு ரப்பர் வட்டங்களுக்கு நடுவில் பொம்மைகளை வைத்துச் சூட்டு பிரஸ்ஸில் இறுக்குவது. நாச்சிமுத்து அண்ணன் முன்பு டயர் ரீட்ரேடிங் வைத்திருந்தவர், அதே பிரஸ்தான். ரப்பர் உருகிப் பொம்மையின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் பொம்மை அந்த அழுத்தத்தில் நொறுங்கிப்போகும். மூலம் இருக்காது, அதன் பள்ளம் மட்டும் இருக்கும். தப்பு இருந்தால் பள்ளத்திலும் இருக்கும்.

கடைசியில் தலை எந்த அளவு என்று கேட்டால், இரண்டு பேருக்கும் பிடிக்காத அளவு. பொத்தான் பத்து.

ஜூன் 22, சனி

காலை பத்து மணிக்கு பிரஸ் சூடாகிவிட்டது. அண்ணன் ஆறு பேரையும் ரப்பரில் வட்டமாக, கால் நடுப்பக்கம் வருகிறபடி படுக்க வைத்தார். பவுடர் தூவினார். மேல் ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா, அம்மிணி? உள்ள போனா திரும்பி வராது. நல்லாப் பாத்துச் சொல்லு."

ஆறு சுத்தியலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஆறும் இடதுபக்கம்.

"சரிங்ணா," என்றேன்.

மூடிவிட்டார்.

மாலையில் பிரஸ்ஸைத் திறந்து பச்சைத் தூளைத் தட்டிக் கொட்டினோம். ருக்குமணி அக்கா கூட்டினாள். "மூணு வாரம் பாடுபட்டது மொறத்துல வந்துருச்சு பாரு," என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

ஜூன் 4ஆம் தேதி டாக்டர் கிளம்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். அவர் உடனே கிளம்பவில்லை. டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டு அரைமணி நேரம் என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவதில் நான் நாற்பத்தொரு நாள் வரவில்லை என்று பதிவேட்டில் இருந்தது. நான் எல்லா நாளும் போனேன். பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், டீச்சருக்குக் கேட்கவில்லை போல. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவுடன் ரேஷன் கடை. துணி துவைத்தேன். நாளை மறுநாள் மீதி ஆறு பேர் பிரஸ்ஸுக்குள் போகிறார்கள்.

ஜூன் 24, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு பட்டறை மூடியிருந்ததால் டாக்டருக்குப் பொறுக்கவில்லை, இன்று காலையிலேயே வந்துவிட்டார். புது அச்சில் வார்த்த ஆறு பேரைத் துணியில் வைத்துக் கொடுத்தார் அண்ணன். டாக்டர் ஒவ்வொருவனாக எடுத்துப் படத்துடன் ஒப்பிட்டார். மடிப்பு நாலு. பொத்தான் கோடாக இருந்தது, முகத்தைச் சுளித்தார். தலையைக் காலிப்பரால் அளந்தார். "கொஞ்சம் பெருசுதான். ஆனா இவ செய்திருக்கா, நாச்சிமுத்து. படம் எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணு விடாம."

என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அண்ணன், "அப்ப நாளைக்கி மீதியும் அமுக்கிடலாங்ளா?" என்றார். "அமுக்குங்க," என்றார் டாக்டர்.

வாக்கியம் வரவில்லை. என் மேசையிலிருந்த பல் கண்ணாடியை எடுத்துப் போய்ப் படத்தின் ஓரத்தில் நிறுத்தி வைத்தேன். படத்தின் கீழ் மூலையில் பாதி அறுந்த கிறுக்கல் ஒன்று உண்டு. கண்ணாடிச் சட்டத்துக் கீறல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல் கண்ணாடிக்குள் அது ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. வரைந்தவரின் பெயர் போல. பக்கத்தில் கண்ணாடிக்குள் தெரிந்த சிப்பாய் வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்கேமரா," என்றார். "கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுட்டு."

"என்னங்?" என்றார் அண்ணன்.

"எல்லாம் இடம் வலமா மாறிக் கெடக்கு. துப்பாக்கி, பை, பட்டை, எல்லாம். எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். நான் முப்பது வருசமா ஆள் வாயைக் கண்ணாடிக்குள்ள பாத்தே ஓட்டுதேன். மாறித் தெரிஞ்சாத்தான் எனக்கு நேரா இருக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பூட்ஸ் போட்டவன ஏசுனேன். தலைப்பாவ ஏசுனேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எப்பம்மா பாத்த?"

ருக்குமணி அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டாள். நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"மொத நாளே தெரியுங்க," என்றேன்.

"மொத நாளேன்னா?"

"நீங்க டீ குடிச்சிட்டிருக்கையில."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் கத்தவில்லை. "இருவது நாளா? பொத்தானுக்கு என்கிட்ட அவ்வளவு ஏச்சு வாங்கிக்கிட்டு, இதச் சொல்லாம இருந்தியா?"

அண்ணனுக்கு விஷயம் மெதுவாகத்தான் பிடிபட்டது. பிடிபட்டதும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "விடுங்க டாக்டர். மூணடி தள்ளி நின்னா வலதேது, எடதேது. பாக்க கெத்தா இருக்குதுங்களா இல்லீங்களா? நாளைக்கி மீதியயும் அமுக்கி அனுப்பிடலாம். பன்னண்டு பேரும் எடதுகைக்காரனா இருந்தா அதுவே ஒரு ஸ்டைல்."

"எனக்குத் தெரியும்லா, நாச்சிமுத்து."

"உங்களுக்கு மட்டுந்தானுங் தெரியும்."

"பெங்களூர்ல வாரவன் அத்தனை பேருக்கும் தெரியும். மொத வேலையாத் துப்பாக்கியத்தான் பாப்பான்."

இருவரும் முதல்முறையாக ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமலேயே நான் மீதி ஆறு பச்சைப் பொம்மைகளையும் தட்டோடு எடுத்துப் பாவாடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"புதுசாப் பண்றேங்க," என்றேன்.

அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"பதிமூணு நாள்ல பன்னண்டா?" என்றார் அண்ணன்.

"எத்தன முடியுதோ அத்தன. ஆனா தல எவ்வளவு, பொத்தான் எவ்வளவுன்னு யாருஞ் சொல்ல வேண்டாங்க. முடியறவரைக்கும்."

அண்ணன் ருக்குமணி அக்காவைப் பார்த்தார். "பேசுது பாரு," என்றார். "சரி. காலையில பிசிறு வெட்டோணும், லோடு நிக்குது. மத்தியானத்துக்கு மேல உன்ற பாடு."

கத்தரி திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

இடதுபக்கச் சுத்தியல் அச்சை அண்ணன் அறுத்துப்போடவில்லை, பரண்மேல் வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் விற்றுவிடலாம் என்று நினைக்கிறார். அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பச்சைப் பொம்மைகளின் கையையும் துப்பாக்கியையும் மட்டும் வெட்டி மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. தோள் மாறினால் இடுப்பு மாறுகிறது. இடுப்பு மாறினால் எந்தக் கால் முன்னால் என்பது மாறுகிறது. முதலிலிருந்துதான்.

ஜூன் 29, சனி

ஒருவன் முடிந்தான். காலையில் இருநூறு ரோமானியச் சிப்பாய்களுக்குப் பிசிறு வெட்டியதில் விரல் காய்த்துவிட்டது.

இந்த முறை அளக்கும் ஸ்கேலை எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பொம்மையை அடுப்பருகே நிறுத்திவிட்டு மூன்றடி தள்ளிப் போனேன். அங்கிருந்து மனிதனாகத் தெரிகிறவரை தலையைக் கூட்டினேன். பக்கத்தில் வந்து பார்த்தேன். கேலிச்சித்திரமாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திச் சீவினேன். நடையாக நடந்தேன். "பேய் புடிச்சிருச்சா?" என்றாள் ருக்குமணி அக்கா.

கை பெரியதுதான். ஓவியத்து அளவில் விரல் வைத்தால் ஈயம் போய்ச் சேராது. விரல் இல்லாத சிப்பாய் எந்தப் பட்டாளத்திலும் இருந்திருக்க மாட்டான். மீசை படத்தில் இருப்பதுதான். அண்ணன் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். சொன்ன சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டு போனார். பாவமாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

பொத்தான். பத்து வைத்தால் கோடு. எட்டும் கோடு. ஏழு வைத்துச் சட்டைத் துண்டை மட்டும் சோதனைக்கு வார்த்தோம், அரைகுறை. ஆறு வைத்தால் ஒவ்வொன்றும் தனியாக, உருண்டையாக நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் சட்டை முழுக்கப் பொத்தான் இருப்பது போலிருக்கிறது. பத்து வைத்தபோது ஒன்றுகூட இல்லாதது போலிருந்தது.

ஜூலை 4, வியாழன்

நான்கு பேர்தான் முடிந்தது. பிரஸ்ஸில் வைத்தோம். "சரியா?" என்று அண்ணன் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி நான்கு பேரையும் ஒவ்வொருவனாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தேன். சுத்தியல், பை, பட்டை, தோள், கால். பிரஸ் காத்திருந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப மூடுங்ணா."

ஜூலை 6, சனி

டாக்டர் சாயங்காலம் வந்தார். ராத்திரி ரயிலில் பெங்களூர் போகிறார். பன்னிரண்டு பேர் போக வேண்டிய பெட்டி, நான்கு பேர்தான். நான் சொல்லாமலிருந்த இருபது நாளை அவர் இன்னும் மறக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சுத்தியலைத்தான் முதலில் பார்த்தார். கண்ணாடியை எடுக்கவில்லை, வெறும் கண்ணால் பார்த்தார். தலையை அளக்கக் காலிப்பரை எடுத்தவர், அளக்காமல் பையில் போட்டார். பிறகு ஊசியால் சட்டையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஆறு," என்றார். "மீதி நாலு எங்க?"

"பத்து வெச்சா கோடாயிருதுங்க. ஆறு வெச்சாத்தான் பொத்தான்."

"படத்துல பத்துல்லா இருக்கு."

"இருக்குதுங்க."

"அங்க ஒருத்தன் எண்ணுவான். நானே எண்ணுனேனே. எபநேசர் சிப்பாய்க்குச் சட்டை போடத் தெரியலன்னு சொல்லுவான்."

"அவரைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க."

"தள்ளி நின்னு பாக்கறதுக்கா நான் இருவது வருசம் படிச்சேன்?"

நான் பதில் சொல்லவில்லை. பயந்து இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. நாச்சிமுத்து அண்ணன் எனக்காகப் பேச வாயெடுத்தார், அவர் பேசினால் மீசையில்தான் போய் முடியும். நல்லவேளை, அடுப்பு கூப்பிட்டது.

டாக்டர் நான்கு பேரையும் அடுப்பருகே வரிசையாக நிறுத்தினார். மூன்றடி பின்னால் போகவில்லை. ஓரடி போனார். பிறகு ஒவ்வொருவனாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

"என்ன சொல்லீட்டுப் போறாரு?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் சொல்லலீங்."

"அப்ப மீதிய நிறுத்தறதா, பண்றதா?"

ஜன்னலோரம் வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துப் பிசைந்தேன். ஐந்தாவது ஆளுக்குச் சட்டை முடிந்திருந்தது, பொத்தான்தான் பாக்கி.

ஆறு வைத்தேன்.